நீல விளக்கில் மஞ்சள் விரல்

அந்தப் புற ஊதா விளக்கைப் போட்டால் மேஜை முழுக்க நீலமாகிவிடும். அதன் அடியில் குனிந்து உட்கார்ந்திருந்த அக்காவின் முதுகுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. திருவொற்றியூரில், ராணுவத்துக்குச் சின்ன ரேடியோ செய்து கொடுக்கும் தொழிற்கூடம் அது. டிபன் பாக்ஸ் அளவுகூட இருக்காது. சிப்பாய் மார்பில் மாட்டிக்கொள்வது. எந்த அலைவரிசையில் பேசுவது, எதிரி ஒட்டுக்கேட்காமல் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் உள்ளே இருக்கும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது. ரேடியோ கம்பெனி என்று மட்டும் வீட்டில் சொன்னேன். "பாட்டு நல்லா வருமா?" என்று கேட்டார் மாமியார். என்னத்தைச் சொல்ல!

கடல் காற்றோ பனியோ, ஈரம் உள்ளே புகாமலிருக்க ரேடியோவுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு அடிப்பார்கள். அதற்கு முன், பூச்சு படக்கூடாத இடங்களில் பொடிப்பொடியாக டேப் ஒட்டுவது நாங்கள் நான்கு பெண்கள். பூச்சு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று விளக்கின் கீழே பார்ப்பது, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அந்த மூத்தவர். நல்ல பூச்சு நீலமாக மின்னும். ராயபுரத்திலிருந்து ரயிலேறி எங்களுக்கு முன்னாலேயே வந்துவிடுவார். வாய் ஓயாமல் எங்களைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார், வேலையில் மட்டும் இம்மி விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஓர் ஆடிப்பெருக்கு. நான்கு பேரும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு வந்திருந்தோம். கை கழுவியும் மஞ்சள் முழுசாகப் போகவில்லை. கையுறை போட்டால் அந்த டேப் அதிலேயே ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அவசரத்தில் வலது கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஒட்டினேன். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அக்கா விளக்கைப் போட்டதும் நீலத்துக்கு நடுவே பச்சையும் மஞ்சளுமாக விரல் தடங்கள். இருபத்திரண்டு போர்டுகள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

மேனேஜர் ஓடி வந்தார். எல்லாவற்றையும் சோதித்தாயிற்று, குரல் கணீரென்று கேட்கிறது, கையெழுத்துப் போடு என்றார்.

"இப்போ கேக்குது சார். கை அழுக்கு மேல பூசுனது பேத்துக்கும், ஈரம் உள்ள பூந்துடும். எங்கியோ மலை மேல ஒர்த்தன் கத்திகினு இருப்பான், இந்தாண்ட ஒண்ணும் கேக்காது. சாப்ட்வேரா வந்து தொடைக்கும்?" என்றார் அக்கா.

யாருடைய விரல் என்று மேனேஜர் கேட்டார். "தெர்ல சார்" என்றார் அக்கா. நாங்கள் நான்கு பேரும் வரிசையாக நின்றிருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை போயிருந்த நேரம், கையில் ஒரு வயதுக் குழந்தை. நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா இருபத்திரண்டிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். அனுப்ப வேண்டிய சரக்கு தள்ளிப்போனது. அடுத்த வாரம் இனி வேலை இல்லையென்று அவரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "இந்தப் பொம்பளைக்கு இன்னா வீராப்பு!" என்று கூட இருந்தவர்கள் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். பாவி, தலையாட்டினேன். ஒரு மாதம் கழித்து அக்காவின் நாற்காலியில் என்னையே உட்கார வைத்தார்கள்.

ஆறு வருஷமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கண் எரிகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. ரேடியோ இன்னும் சின்னதாகிவிட்டது, புதுப்புது மென்பொருள் வந்துகொண்டே இருக்கிறது. எனக்குத்தான் எல்லாம் அலுத்துவிட்டது. போன மாதம் ராயபுரத்தில் மீன் வாங்கப் போன இடத்தில் அக்காவைப் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தார். வேறு எங்கும் நிலையாக வேலை அமையவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு உடனே என் குழந்தையைப் பற்றி விசாரித்தார். எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, அன்னிக்கு அது என் வெரலுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"தெரியும்டி. உன் கட்ட வெரல்ல வெட்டுத் தழும்பு கீதே, அப்டியே பதிஞ்சிருந்துச்சு. நீயா வந்து சொல்லுவேன்னு சாயந்திரம் மணியடிக்கிற வரிக்கும் பாத்துகினு இருந்தேன்."