மருமக்கள் பெயர் வரும் இடம்

சாவு வீட்டில் ஜெயதாஸ் உட்காருவதில்லை. முற்றத்து ஓரத்தில் நின்றபடியே கேட்பார்: "மக்க எத்தற பேரு? மருமக்க பேரு வரிசையாட்டு சொல்லுங்கோ." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்குவார். மடக்கிய விரல்களோடு போய் ஆட்டோவில் ஏறுவார்.

ஆட்டோக் கூரையில் கோளாம்பி ஒலிபெருக்கி. காலடியில் பாட்டரியும் ஆம்பிளிஃபயரும். கேரள எல்லையோரம் பாறசாலையிலிருந்து கொல்லயில் ஊர் வரை யார் இறந்தாலும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே அவர் குரலில்தான் ஊர் கேட்கும். முதலில் மலையாளம், பிறகு தமிழ். இரண்டிலும் ஒரே நிதானம்.

அவர் சொற்களைத் திருத்தியவர் மனைவி கிருபாபாய். அறிவிப்பு வீடுவரை கேட்கும். சோறு பரிமாறும்போது விசாரணை நடக்கும். "பொன்னப்பனுக்க பெண்டாட்டி செத்துப்போனா எண்ணு சொன்னியளே, அவளுக்குப் பேரு இல்லியா?" அடுத்த சாவிலிருந்து பெண்ணின் பெயர் முதலில் வந்தது. 'இரண்டாந்தாரம்' போயிற்று. 'வாழாமல் வந்த மகள்' போயிற்று. "சாவு சொல்லுத எடத்தில அவளுக்க கல்யாணக் கதை எதுக்கு?"

"இனி நீ வந்து மைக்கப் பிடி," என்று முனகுவார். ஆனால் மாற்றிவிடுவார்.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. இளைய மகன் மனு பெங்களூரில் அனூஜோடு குடும்பம் நடத்துகிறான். இருவரும் ஆண்கள். கேட்பவர்களிடம் ஜெயதாஸ், "கூட ஒரே வீட்டில தாமசிக்குத பயலாக்கும்," என்பார். கிருபாபாய், மூத்த மகன் சஜுவின் மனைவி லிஷாவோடு பேசுவதுபோலவே அனூஜோடும் போனில் பேசுவார். மருந்து சாப்பிட்டீர்களா என்று அவன் கேட்பான். என்ன கறி வைத்தாய் என்று இவர் கேட்பார்.

நோய் முற்றிய பிறகு ஒரு மாலை கணவரிடம் சொன்னார்: "அவன என்ன முறை சொல்லி விளிக்கணும் எண்ணு எனக்கும் தெரியாது. நான் போனா, மருமக்க பேரு சொல்லுத எடத்தில அவனுக்க பேரையும் சொல்லுங்கோ. அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"மொதல்ல மருந்தக் குடி," என்றார் ஜெயதாஸ்.

சென்ற மழைக்காலத்தில் கிருபாபாய் இறந்தார். அறிவிக்க வேறு ஆள் வைக்கலாம் என்றான் சஜு. "எனக்க பெண்டாட்டிக்க சாவ நான்தான் சொல்லணும்," என்றார். முற்றத்தில் அனூஜ் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நீ யாரென்று ஒருவர் கேட்டார். "மனுவோட வந்தவன்," என்றான். ஜெயதாஸ் காதில் விழுந்தது. ஆட்டோவில் ஏறினார். இனி அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்த வீட்டில் ஆளில்லை.

"கிருபாபாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மக்கள் சஜு, மனு. மருமக்கள் லிஷா..." முதல் சாலைச் சந்திப்பில் அந்த இடத்தில் ஒலி அறுந்தது. "அடக்க ஆராதனை இன்று மாலை," என்று மறுபடி வந்தது. அடுத்த சந்திப்பிலும் அதே இடத்தில் அறுந்தது.

ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த பையன் சஜன் திரும்பிப் பார்த்தான். "மாமா, மைக்கு எடயில கட்டாவுது. வயரு லூசாக்கும்."

"வயருக்கு ஒண்ணுமில்லடே. நீ ரோட்டப் பாரு."

வயரில் கோளாறு இல்லை. சுவிட்சை அழுத்திப் பிடித்தால்தான் அந்த மைக் பேசும். உதடு அனூஜ் என்று சொன்னது. சொல்லும்போது கட்டைவிரல் சுவிட்சை விட்டு எழுந்துவிட்டது.

அடுத்தது சபை ஆலயம் இருக்கும் சந்திப்பு. மதிலோரம் குடைகளோடு சபைக்காரர்கள் நின்றார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். சஜன் வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்து," என்றார் ஜெயதாஸ்.

வண்டி நின்றது. தொடங்கினார். கிருபாபாயின் பெயர் வந்தது. மக்கள் பெயர்கள் வந்தன. லிஷாவின் பெயர் வந்தது. அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, இடது கையைக் கொண்டுவந்து, வலது கட்டைவிரலைச் சுவிட்சின்மேல் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.