பதினொரு ஓட்டை விழுந்த அட்டை

நான் துப்பாக்கி சுடுதலில் தேசிய சாம்பியனாக இருந்தவள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பதக்கம் வாங்கியபோது மாலை போட்டவர்கள், நான் மாவட்டச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் என் எதிரே வரவே யோசித்தார்கள். சிபாரிசோடு வந்தவர்களை வெளியே போகச் சொன்னேன், அதுதான் காரணம்.

ஏற்காட்டில் எங்கள் சுடுதளம் ஒரு காபி எஸ்டேட்டின் ஓரத்தில் இருக்கிறது. குப்புறப் படுத்து, ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைச் சுட வேண்டும். பனி புகுந்தால் நிறுத்தச் சொல்வோம். படுத்தபடியே காத்திருப்பார்கள். கை மரத்துப்போகும், உடம்பு தன்னையறியாமல் நகரும். பனி எல்லா அட்டையையும் ஒரே நேரத்தில் விடாது. முதலில் தெரிகிற அட்டையை நம்முடையது என்று நினைத்துச் சுட்டால் தொலைந்தோம். கீழே சேலத்தில் சுடுகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. அங்கே பனி ஏது?

போன வருடம் மாநிலப் போட்டிக்கான மாவட்டத் தேர்வில் பெண்களுக்கு ஓர் இடம்தான் இருந்தது. என் மகள் முன்னிலையில் இருந்தாள். அடுத்த இடத்தில், பக்கத்து லேனில் படுத்திருந்த மாரமங்கலத்துப் பெண். பெற்றவர்கள் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர்கள்.

கடைசிச் சுற்றின் நடுவே பனி புகுந்தது, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தோம். அந்த அட்டைகள் என் மேசைக்கு வந்தன. ஆளுக்குப் பத்து குண்டு. என் மகளின் அட்டையில் ஒன்பது ஓட்டை, அந்தப் பெண்ணுடையதில் பதினொன்று.

சங்கத் தலைவர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க மேடம், பனின்னு எழுதிப்போட்டு ரெண்டு பேரையும் மறுக்காச் சுடச் சொல்லிருங்க. நம்ம புள்ளைங்க இது."

பனி விலகிய பிறகுதான் சுடச் சொன்னோம் என்றேன். என் மகளின் பத்தாவது குண்டுக்குப் பூஜ்யம் போட்டேன். அந்தப் பெண்ணின் பதினொன்றில் மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு மீதியை எண்ணினேன். அதுதான் விதி. அவள் முந்திவிட்டாள்.

மகளைக் கூப்பிட்டு ஆட்சேபப் படிவத்தை முன்னால் தள்ளினேன். எழுதித் தர அவளுக்கு உரிமை உண்டு. தலைவர் பேனாவையே நீட்டினார். அவள் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் பதினொன்னுல என்னுது எதும்மா?"

"தெரியாது, கண்ணு."

"நட்ட நடுவுல இருக்கறதுதான் என்னுதா இருக்கும்" என்றாள். படிவத்தைத் தொடவில்லை. பேனாவை வாங்கி, பூஜ்யத்தை ஏற்றுக்கொண்டதாகத் தன் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

வாசலில் அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நான் பத்துதான் சுட்டேனுங்க."

"தெரியும் புள்ள" என்றாள் என் மகள். "மிச்சம் ஒன்னு நான் குடுத்தது. மாநிலத்துல ஒழுங்காச் சுடு. இல்லீன்னா உங்க ஊட்டுக்கே வந்து திருப்பி வாங்கிக்குவேன்."

அவள் போய் வெண்கலம் வாங்கி வந்தாள். சங்க அலுவலகச் சுவரில் அவள் படம் மாட்டியிருக்கிறது. என் மகள் படம் இல்லை. யாராவது அதற்காக என்னிடம் பரிதாபப்பட்டால் வாயை மூடச் சொல்கிறேன். அப்படி ஒரு கையெழுத்தை நான் சுட்ட காலத்தில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.