ஐந்தாம் பிளக்கில் சந்தனம்

சேட்டின் காரைக் கெடுத்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது.

யுத்த காலம். கூப்பன் இல்லாமல் பெட்ரோல் கிடைக்காது. அப்பா மாட்டுங்காவில் ஒரு துணி வியாபாரி சேட்டிடம் டிரைவர். நாங்கள் இருந்தது தாராவியில், திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் நிறைந்த ஒரு சந்தில். சேட்டின் கார் கறுப்பு, ஆறு சிலிண்டர். அதன் பக்கத்தில் அப்பா நின்றால் கார் அவருடையது போல இருக்கும். சேட் நின்றால் வாடகைக்குப் பிடித்தது போல இருக்கும். சேட்டுக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு அப்பா என்னையும் சேட் வீட்டுக் கராஜுக்குக் கூட்டிப் போனார். காரைக் கழுவி, சக்கரத்துக்கும் விளக்குக்கும் அவரே பொட்டு வைத்தார். பிறகு பானெட்டைத் திறந்துவிட்டு, "ஏட்டி, இன்ஜினுக்கு நீ வையி" என்று சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, எலுமிச்சம்பழம் வாங்கப் போனார். இன்ஜினின் தலையில் ஆறு வெள்ளைப் பீங்கான் உருவங்கள் வரிசையாக நின்றன. அவை பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் என்று எனக்குத் தெரியாது. சின்னச் சின்னச் சாமிகள் என்றுதான் தோன்றியது. முதல் நாலுக்கும் அளவாகப் பொட்டு வைத்தேன். கிண்ணத்தில் நிறைய மிச்சம் இருந்தது. கடைசி இரண்டுக்கும் உச்சியிலிருந்து கால்வரை வழித்துப் பூசி, மேலே குங்குமத்தை அப்பினேன்.

அப்பா வந்து பார்த்துச் சிரித்தார். "கல்யாணப் பொண்ணு கணக்கா ஆக்கிட்டியே" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காரை எடுத்தபோது லேசாக நடுங்கியதாம். அதற்கடுத்த நாள் இருமியது. மூன்றாம் நாள் சேட் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு மலபார் ஹில்லுக்குப் போனார். பாதி ஏற்றத்தில் கார் குலுங்கிக் குலுங்கி மூச்சை விட்டது. சேட்டும் சேட்டாணியும் பட்டுத்துணியோடு இறங்கி நடந்தார்கள். சம்பந்தி வீட்டுக் கார்கள் அவர்களைத் தாண்டிப் போயின.

வீடு திரும்பியதும் சேட் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து மோந்து பார்த்தார். பதினோரு வருஷம் அவருக்குக் கதவு திறந்துவிட்ட கைகள். பெட்ரோலை வெளியே விற்றுவிட்டு மண்ணெண்ணெயைக் கலந்துவிட்டாய் என்றார். அந்தக் காலத்தில் சில டிரைவர்கள் அப்படிச் செய்தார்கள், மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜின் இப்படித்தான் தவிக்கும், எல்லாம் உண்மை. அதற்காக ஒரு மனுஷன் கையை மோந்து பார்ப்பதா? நாளைக் காலை கார் சரியாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காலையில் அப்பாவும் மாமாவும் கிளம்பினார்கள். மாமா அம்மாவின் தம்பி, தாதரில் ஒரு கராஜில் மிஸ்திரி. அம்மா என்னையும் கூட அனுப்பினாள்.

"அங்க என்னமும் ஆச்சுன்னா நிக்காம ஓடியாந்துரணும், என்னட்டி?"

என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கார் பார்க்கப் போகிறோம் என்று சந்தோஷமாகப் போனேன்.

சேட் கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமா முதலில் டாங்கியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் ரெண்டு சொட்டு விட்டு, சேட்டின் மூக்குக்கு நேரே பிடித்தார். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். சொட்டு காய்ந்தது. காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

சேட் அசரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக டாங்கியில் பெட்ரோலை மாற்றியிருப்பான் என்றார்.

"அத்தான், கார்புரேட்டரைப் பாத்தீரா?"

"ரெண்டு தடவ கழத்தி ஊதிட்டேன் மாப்ள. தூசி தும்பு கெடையாது."

"ஸ்டீயரிங் பிடிக்கிற ஆளு ஊதுனா ஊதுனதா? தள்ளும்."

மாமாவும் கழற்றி ஊதினார். கார் அதே மாதிரி உதறியது. அப்பாவின் கழுத்தில் வேர்வை ஓடியது. அப்புறம் மாமா மரப்பிடி போட்ட திருப்புளியை எடுத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரும்பை முதல் பிளக்கின் தலையிலும் இன்ஜின் உடம்பிலுமாகச் சேர்த்து வைத்து, அந்த ஒரு பிளக்கை மட்டும் வேலை செய்யாமல் நிறுத்தினார். சத்தம் இன்னும் இறங்கியது.

"இவன் வேல செய்யுதான். அதான் இவன அமுக்குனா இன்ஜின் அழுவுது."

இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் அழுதது. ஐந்தாவதில் வைத்தார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆறாவதிலும் இல்லை.

"ரெண்டு பேரு சம்பளம் வாங்கிட்டுத் தூங்குதான்" என்று மாமா குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் பூசிய சந்தனம் உச்சியிலிருந்து கால்வரை கருகி, நடுவில் கரிக்கோடாக இறங்கியிருந்தது. பிளக்குக்குள் போக வேண்டிய மின்சாரம் அந்தக் கோட்டைப் பிடித்து வெளியே ஓடியிருக்கிறது.

"அத்தான், இதைப் பாத்துட்டா சும்மா இருந்தீரு?"

"பூசைக்கு வச்சதுல்லா மாப்ள. தானா உதிராம எப்படித் தொடைக்கது?"

மாமாவும் எங்கள் ஊர்க்காரர்தான். அந்த இரண்டு பிளக்குகளையும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெட்ரோலில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தார். கார் மறுபடி கிளம்பியபோது சத்தமே கேட்கவில்லை. மட்கார்டின் மேல் இருந்த திருப்புளி ஆடாமல் கிடந்தது.

சேட் எழுந்து வந்தார். யார் இப்படிப் பூசியது என்று இந்தியில் கேட்டார்.

"மைன்னே கியா, சேட்ஜி" என்றார் அப்பா.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்கிறாரே! "பொய்யி! நாந்தான் வச்சேன்!" என்று கத்தினேன். நல்ல வேளை, சேட்டுக்குத் தமிழ் தெரியாது. மாமா என் வாயைப் பொத்தினார்.

"அரே, இன்ஜின் கோ பீ பூஜா கியா?" என்று, இன்ஜினுக்குக்கூடப் பூஜையா என்று கேட்டு, சேட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவருக்குச் சந்தோஷம். உள்ளே குரல் கொடுத்து ஒரு டப்பா பேடா கொண்டுவரச் சொன்னார். தன் கார் கோயில் மாதிரி என்றார். திருடன் என்று சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை அந்த ஆள் கடைசிவரை சொல்லவே இல்லை.

மாமா தாதருக்குப் போய்விட்டார். இரண்டு மணி நேர லீவு கேட்டுக்கொண்டு அப்பா என்னை வீட்டில் விட வந்தார். நான் டப்பாவைத் திறந்து ரெண்டு பேடா தின்றேன். அவரும் ஒன்று எடுத்து வாயில் போட்டார். ரயில் பாலத்தைத் தாண்டியதும் திடீரென்று சாக்கடை ஓரம் குந்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு குடம் குடமாக வாந்தி எடுத்தார். பிறகு குழாயில் முகமும் கையும் கழுவி, என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை லேசான முகத்தை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை.

அம்மா சந்து முனையிலேயே நின்றிருந்தாள். நான் ஓடிப்போய், கார் சரியாகிவிட்டது, ஆனால் சேட் கொடுத்த பேடா கெட்டது, அப்பா வாந்தி எடுத்தார் என்று சொன்னேன். நான் தின்றது மட்டும் எப்படி நன்றாக இருந்தது என்று கேட்டேன்.

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏட்டி, முழுசையும் நீயே தின்னு" என்று டப்பாவை என் கையிலேயே அழுத்திவிட்டு, அவர் இரண்டு கைகளையும் பிடித்து முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள். அவை ஏற்கெனவே கழுவிய கைகள்தானே என்று எனக்குத் தோன்றியது.