மேற்குப் பக்கத்துக் கேலரி

போன வாரம் விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவராம், ஒருவர் வந்து பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார், உங்க திண்டிவனத்துல காலேஜ் ஸ்டேடியத்த விரிவு பண்றதுக்கு ஏதோ பிளான் போட்டிருக்கீங்களாமே?"

"ஆமாம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"காலேஜ் எந்தப் பக்கம் சார் இருக்குது? நான் பாத்ததே இல்லியே."

"அது இனிமேல்தான் வரணும்."

"அப்போ ஸ்டேடியம்?"

"அதுவும்..."

அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நல்லவேளையாக ரயில் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பெண்ணே பார்க்காமல் பேரனுக்குப் பெயர் யோசிக்கிறவர்கள்தானே நாமெல்லாம்? யுத்தம் முடிந்துவிட்டது. சுதந்திரமும் வந்துவிட்டது. இனி எங்கள் ஊருக்குக் காலேஜ் வருவதுதான் பாக்கி. ஊரிலுள்ள ஹைஸ்கூலை எப்படியாவது காலேஜாக உயர்த்திவிட வேண்டும் என்று ஒரு கமிட்டி போட்டிருக்கிறோம். தலைவர், ஊருக்குப் பெரிய மிராசுதாரர் ரெட்டியார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் — வெளியில் இருந்தால் கிண்டல் செய்து எழுதிவிடுவேனாம். உள்ளே இருந்தால் மட்டும் எழுத மாட்டேனா என்ன?

காலேஜுக்கு லைப்ரரி வேண்டும், லேபரட்டரி வேண்டும், ஹாஸ்டல் வேண்டும். ஆனால் கமிட்டி கூடினால் பேச்சு எப்படியோ வழுக்கிக்கொண்டு போய் ஃபுட்பால் மைதானத்தில்தான் நிற்கும். காரணம் சுலபம். மற்ற எதுவும் இல்லை. மைதானம் ஒன்றுதான் இருக்கிறது.

அந்த மைதானத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிழக்கே பள்ளிக்கூடம். மேற்கே ஏரிக்கரை. நடுவில் கட்டாந்தரை, அங்கங்கே நெருஞ்சி. மாட்ச் நடந்தால் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கிழக்கே, பள்ளிக்கூட வாசலில் நாற்காலி போடுவார்கள். ஆட்டம் ஆரம்பிப்பதோ சாயங்காலம். சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். பந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குடையைச் சாய்த்துக்கொண்டு, கைதட்டல் கேட்டால் நாங்களும் தட்டுவோம். மாட்ச் பார்த்தோம் என்று சொல்வதைவிடச் சூரிய நமஸ்காரம் செய்தோம் என்று சொல்லலாம்.

எதிரே, ஏரிக்கரை மேல், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு சுகமாகக் குந்தியிருப்பார்கள் சேரி ஜனங்கள். ஊரிலேயே நல்ல ஸீட் அவர்களுடையதுதான். அவர்கள் மைதானத்துக்குள் வருவதில்லை. வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. கோயில் கதவே திறந்தாகிவிட்ட காலம் இது. மைதானத்துக்குக் கதவே கிடையாது. ஆனாலும் கரையிலிருந்து ஒரு கால் இறங்கியதில்லை.

அந்தக் கரையில் தவறாமல் வந்து குந்துகிறவள் மரியாள். ரெட்டியாருடைய கொல்லைக்காட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பறிக்கிறவள். அவள் மகன் தாவீதுதான் எங்கள் ஸ்கூல் டீமின் சென்டர் ஃபார்வர்டு. பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் அப்புறம் ஒட்டிக்கொண்டே போகும். தகப்பன் இல்லாத பிள்ளை. வேலை விட்ட கையோடு, புடவையில் மண்ணைக்கூடத் தட்டாமல் கரைக்கு ஓடிவந்து விடுவாள் மரியாள். அவளுக்கு ஆட்டத்தின் சட்டமெல்லாம் தெரியாது. கோல் எது, ஃபவுல் எது என்ற வித்தியாசமும் கிடையாது. மகன் கீழே விழாமல் ஆடி முடித்தால் அவள் கணக்கில் ஜெயித்தாகிவிட்டது! எனக்கென்னவோ, அந்த மைதானத்தில் மனம் ஒன்றி மாட்ச் பார்த்தது அவள் ஒருத்திதான் என்று தோன்றும்.

சரி, பிளானுக்கு வருகிறேன். ரிடையரான ஓவர்சியர் ஒருவர் கமிட்டியில் இருக்கிறார். மேஜை முழுக்க விரித்துப்போட்டார் பாருங்கள் ஒரு பிளானை! முதலில் ஒரு கேலரி. இன்டர்மீடியட் வந்ததும் இரண்டாவது. பி.ஏ. வந்ததும் மூன்றாவது. அதற்கும் மேலே விரிவுபடுத்த வேண்டுமென்றால் ஏரிக்குள்தான் இறங்க வேண்டும். நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வராத காலேஜின் படிக்காத பையன்கள் அந்தக் கேலரிகளில் உட்கார்ந்து சத்தம் போடுவதுகூட எனக்குக் கேட்டது.

முதல் கேலரி எந்தப் பக்கம் என்பதில் மட்டும் ஒரு கருத்து வேற்றுமையும் இல்லை. மேற்கே! கரையை ஒட்டி! இனிமேல் வெயில் முகத்தில் அடிக்காது.

டிரில் மாஸ்டர் கோவிந்தசாமி மட்டும் தலையைச் சொறிந்தார். "கரையில இருக்கிறவங்களுக்கு மறைச்சிக்குமே சார்?"

"ஓசியில பாக்கிறவங்களுக்கெல்லாம் பிளான்ல எடம் போட முடியுமாய்யா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். விஷயம் முடிந்துவிட்டது.

ஓவர்சியர் லேசுப்பட்ட ஆளில்லை. கேலரி கட்டினால் மைதானம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். அந்தச் சமயம் பார்த்து விழுப்புரம் ஜங்ஷன் ரயில்வே டீமோடு டிக்கெட் மாட்ச் ஒன்று வந்தது. கேலரி வரப்போகிற இடத்தில், கேலரி உயரத்துக்கே, சவுக்குக் கம்பம் நட்டுக் கீற்றுத் தட்டி கட்டச் செய்தார். அதன் நிழலில் எங்களுக்கு நாற்காலி. ஆஹா, என்ன சுகம்! முதல் தடவையாகப் பந்தைப் பார்த்தேன். அது உருண்டையாகத்தான் இருந்தது.

ஜங்ஷன் டீம் பாசஞ்சரில் வந்து இறங்கியது. எல்லோருக்கும் பூட்ஸ். எங்கள் பையன்களுக்கு வெறுங்கால். அது வழக்கம்தான், அதோடும் ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு ஆட்டம் ஏனோ சூடு பிடிக்கவே இல்லை. அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கினோம். பையன்கள் தூக்கத்தில் நடப்பது போல் ஆடினார்கள்.

என்ன குறைகிறது என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது... சத்தமே இல்லை! இத்தனை வருஷமாக இந்த மைதானத்தில் கேட்ட ஆரவாரமெல்லாம் கரையிலிருந்து வந்தது. நாற்காலிக்காரர்களாகிய நாங்கள் கச்சேரி கேட்கிற மாதிரி விரல் நுனியால் தட்டுகிறவர்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் இருந்தார்கள். கசகசவென்று பேச்சு கேட்டது. எதைப் பார்த்துக் கத்துவார்கள் பாவம்?

அப்போதுதான் தாவீது விழுந்தான். பூட்ஸ் போட்ட ஃபுல்பேக் ஒருவனோடு மோதி, பொத்தென்று. யார் மேலும் தப்பில்லை. பந்துக்குப் போன இருவர் மோதிக்கொண்டார்கள். ரெஃப்ரி நீளமாக விசில் ஊதினார். மைதானமே கப்பென்று அடங்கிவிட்டது.

அந்த அமைதியில் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் தாவீது! உயிரோட கீறியாடா?"

தரையில் கிடந்தவன் தலையைத் தூக்கிக் கத்தினான். "கீறேம்மா! காலுதான் பிசகிக்கிச்சி!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜங்ஷன் டீம்காரர்கள்கூட.

"எழுந்து நில்லுடா! நான் பாக்கணும்!"

டிரில் மாஸ்டர் கைகொடுத்துத் தூக்கினார். "நின்னுக்கினுதாம்மா கீறேன்!"

"எனக்குத் தெரியலியேடா..."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளை கூப்பிடு தூரத்தில் நிற்கிறான். நடுவில் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ரெட்டியார் எழுந்தார். அவர் கோபக்காரர் என்பது ஊருக்கே தெரியும். கோபம் வந்தால்தான் நல்ல காரியம் செய்வார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"யார்ரா அங்க! தட்டிய அவுத்துத் தள்ளுங்கடா! ஜல்தி! எயவு வூடு மாதிரி இருக்குது, இது ஒரு மாட்சா?"

தட்டி விழுந்தது. கரை முழுக்க ஜனங்கள். அவர்கள் நடுவே மரியாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தாவீது நொண்டிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினான். அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்! ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. அந்த நொண்டிக் காலோடேயே அவன் ஒரு கோல் போட்டான்.

ஜெயித்தோமா என்கிறீர்களா? இல்லை, தோற்றோம். ஆனால் கரையில் இருந்தவர்களைப் பார்த்தால் தோற்றது விழுப்புரம் என்றுதான் நினைப்பீர்கள்.

அடுத்த கமிட்டியில் ஓவர்சியர் மறுபடி பிளானை விரித்தார். மனம் தளராத மனிதர். மேற்கே கேலரி கட்டி மறைப்பானேன், கரையின் சரிவையே படிப்படியாக வெட்டிக் கேலரியாக ஆக்கிவிடலாமே என்றார். செலவும் குறைவு, வெயிலும் படாது, பார்வையும் பிரமாதம். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இந்த முறை நான் ஆட்டவில்லை. நாம் கரைக்கு ஏறினால் கரையில் இருக்கிறவர்கள் எங்கே இறங்குவார்கள்? நாலு கீற்றை வைத்து மறைத்த நாம், நாளைக்கு நாலு நாற்காலியை வைத்து விரட்டியும் விடுவோமே.

கோவிந்தசாமி அதைத்தான் கேட்டார். ஒருவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார், மற்றவர்கள் அதை உற்றுப் பார்த்தார்கள். கடைசியில் ரெட்டியார், "சனிக்கெழம மாட்ச் இருக்குது இல்ல? நானே கரைக்குப் போயி பாத்துட்டு வர்றேன்" என்றார்.

போனார். நானும் பின்னாலேயே போனேன், ஓவர்சியரும் வந்தார். முன்னால் ரெட்டியாருடைய ஆள் தலையில் நாற்காலி. நாங்கள் கரை ஏறியதும் ஜனங்கள் மளமளவென்று எழுந்து ஒதுங்கினார்கள். கரையின் நடுவே, நல்ல பார்வை உள்ள இடமாகப் பார்த்து, ஆள் நாற்காலியைப் போட்டான். சுற்றிலும் ஒரு வட்டம் காலியாகிவிட்டது. அது மரியாள் வழக்கமாகக் குந்துகிற இடம்.

அவள் ஓரமாக நின்றாள். பேசவா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. நாளைக்கும் அவர் கொல்லைக்குத்தானே வேலைக்குப் போயாக வேண்டும்?

"ஆண்டை..." என்றாள் மெல்ல.

"இன்னா மரியா?"

"ஒண்ணுமில்ல. நாற்காலி போட்டுக்கினா பின்னாடி கீற புள்ளைங்களுக்கு மறைக்கும். அதான்..." அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "நீங்கெல்லாம் இங்க வந்துட்டா, நாங்க எங்க போயிப் பாக்கிறது ஆண்டை? எம் புள்ள ஆடுறான் இல்ல?"

ரெட்டியார் முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நாற்காலியைப் பார்த்தார். பின்னால் எம்பி எம்பி நின்றவர்களைப் பார்த்தார். "எடுத்துக்கினு போடா இத" என்று ஆளிடம் சொன்னார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, முழங்கால் இரண்டும் நெட்டி முறிய, கரை மண்ணில் உட்கார்ந்தார்.

"நீ எங்கியும் போவாத. கொஞ்சம் நகந்து குந்து. எல்லாம் குந்துங்க, மாட்ச் ஆரம்பிச்சிடப் போறான்!"

முதலில் யாரும் அசையவில்லை. மரியாள்தான் முதலில் குந்தினாள், கொஞ்சம் தள்ளி. அப்புறம் ஒவ்வொருவராக. விசில் அடித்ததும் அந்தக் காலி வட்டம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எனக்கு ஒரு பக்கம் ரெட்டியார் முட்டி, இன்னொரு பக்கம் யாரோ ஒருவர் முழங்கை.

எல்லோருமே வந்துவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். கமிட்டியில் இரண்டு பேர் கிழக்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், குடையோடு, சூரியனைப் பார்த்துக்கொண்டு. ஏன் ஸ்வாமி என்று அப்புறம் கேட்டேன். ஜாதி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! சாயங்கால வெயில் உடம்புக்கு நல்லதாம்.

நடு ஆட்டத்தில் ஓவர்சியர் மடியிலிருந்து பென்சிலை எடுத்தார். பிளானில் எழுதியாக வேண்டுமாம், யூனிவர்சிடிக்காரர்கள் கேட்பார்களாம். இந்த மேற்குக் கேலரியில் மொத்தம் எத்தனை பேர் உட்காரலாம் என்று போடுவது?

தாவீது அப்போது பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான். ரெட்டியார் அவனைவிட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"நகந்து குந்துனா, எத்தினி பேரு வேணாலும்."