சிரிப்பது நான்தான்

பல்கலைக்கழகத்துக்குப் போக நான் லிஃப்டில் ஏற வேண்டும். நீங்கள் நினைக்கிற வாசல், மரம், மைதானம் ஒன்றுமில்லை. கீழே கம்பளக் கடை, அதற்கு மேலே பல் வைத்தியர், ஐந்தாம் மாடியில் நாங்கள். பிரதான வளாகம் இங்கிலாந்தின் வேறொரு நகரத்தில் இருக்கிறது. இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது. பஞ்சாப், நேபாளம், ஹைதராபாத், வன்னி எல்லாவற்றுக்கும் இது. வகுப்பில் இருக்கிற ஒரேயொரு ஆங்கிலேயர் விரிவுரையாளர்தான். அவரும் முடிந்த கையோடு ரயிலுக்கு ஓடிவிடுவார்.

ஊரில், புதுக்குடியிருப்பில், ரியூசன் முடிந்ததும் நானும் என் சிநேகிதி தர்சிகாவும் ஒரே போனில் இந்தப் பல்கலைக்கழகத்தின் படங்களைப் பார்ப்போம். புல்வெளியில் எல்லா நிறத்திலும் பிள்ளைகள். யார் எந்த நாடு என்று ஊகிப்பதுதான் விளையாட்டு. "இவன் பிரேசில். அவள் கொரியா. கொரியாக்காரிக்குப் பக்கத்தில எனக்கு இடம் பிடிச்சு வை, என்ன?" என்பாள். முதலில் நான், பிறகு அவள் என்று பேச்சு.

போன மாதம் எங்களில் சிலரைப் பல்கலைக்கழக விளம்பரத்துக்குப் படமெடுக்கப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். பொன்னிற முடிக்காரி ஒருத்தி என்னருகே வந்து அமர்ந்தாள். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. பிரதான வளாகத்துப் பிள்ளையாக்கும் என்று நினைத்து, என்ன படிக்கிறாய் எனக் கேட்டேன்.

"நானா? இன்றைக்கு மட்டும் படத்துக்கு நடிக்க வந்தேன். நீயும் அப்படித்தானே?"

"இல்லை, நான் உண்மையாகவே இங்கே படிக்கிறேன்."

நல்ல பகிடி என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கமரா அதைத்தான் பிடித்தது.

சில கிழமைகளில் தர்சிகா அழைத்தாள். "எடியே, கிளிநொச்சியில வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புற ஏஜென்சிக்காரன்ர கண்ணாடிக் கதவு முழுக்க நீதான்! ஆரடி அந்த வெள்ளைக்காரி?" அவளை இங்கே அனுப்பவென்று அவளுடைய அப்பா வயலை விற்க விலை பேசிவிட்டாராம். நான் லிஃப்டில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வந்துவிடாதே என்றேன்.

"நீ போயிட்டாய். இப்ப நான் வெளிக்கிட, வராத எண்டுறாய்."

"அந்தப் படம் பொய்யடி. என்னை ஏமாத்திப்போட்டாங்கள்."

"சிரிக்கிறது நீதானே? உன்ர சிரிப்பு எனக்குத் தெரியாதே?"

அது என் உண்மைச் சிரிப்புத்தான். அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். சேரும்போதே சம்மதம் தந்துவிட்டாயே என்று பதில் வந்தது. தர்சிகா இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. "நாளைக்கு ஏஜென்சியில காசு கட்டப் போறாளாம், பிள்ளை," என்று நேற்று அம்மா சொன்னார்.

ஐந்தாம் மாடியில் என் பெயரை இன்னும் ஒருவரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. ஊரிலோ ஒரு கதவில் ஆளுயரத்துக்கு நிற்கிறேன். இந்நேரம் தர்சிகா அங்கே வந்திருப்பாள். என் தோளில் கைவைத்து, தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போயிருப்பாள்.