கரைக்கு வைத்த வெட்டிவேர்

வேகவதிக் கரையை வெட்டிவேர் வைத்துக் காப்பாற்றியவன் நான்தான்.

பொய். வைத்தவள் வேறொருத்தி. நான் பிடுங்கினவன். முதல் வரியை மட்டும் அப்படி எழுத வேண்டும் என்று கை கேட்டது. வாய்க்கு இருக்கிற கெட்ட பழக்கம் கைக்கும் தொற்றிவிட்டது போல. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவன். அதனால் நான் எழுதினால் எல்லாம் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். தள்ளுபடி போட்டுப் படியுங்கள்.

முசரவாக்கத்தைத் தாண்டி ஓர் இடத்தில் ஆறு வளைகிறது. ஆறு என்பது மரியாதைக்கு. பெயர் வேகவதி என்றாலும், வருஷத்தில் பதினோரு மாதம் அதில் வேகமாக ஓடுவது ஓணான் மட்டும்தான். மிச்சமிருக்கிற ஒரு மாதம் தண்ணீர் வரும். வந்தால் வளைவின் வெளிப்பக்கக் கரையில் ஒரு முழம், இரண்டு முழம் என்று மண்ணைத் தின்றுவிட்டுப் போகும்.

தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தது அக்காவின் அரைக் காணி நிலம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவள், எங்கள் தெருவுக்கு அடுத்த சேரிக்காரி. அவளும் புருஷனும் இருபது வருஷம் ஊரார் கழனியில் நாற்று நட்டு, களை பறித்து, வயிற்றைக் கட்டி வாங்கிய மண் அது. வாங்கின மறுவருஷம் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். அவள் வம்சத்திலேயே சொந்த மண்ணில் நின்ற ஆள் அவள்தான். அதனாலோ என்னவோ, நிலத்துக்கு வந்தால் வரப்பில் நிற்க மாட்டாள். நடுவில் போய் நிற்பாள்.

"இன்னா யக்கா, நிக்கறதுக்கு வரப்பு இல்லியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வரப்புல யாரு வேணா நிப்பாங்கபா. கூலிக்காரி கூட நிப்பா."

கரை கரைவதைச் சொல்லி பிளாக் ஆபீசுக்கு நாலு முறை நடந்தாள். ஒரு முறை வந்து பார்த்தார்கள். கருங்கல் அடுக்க வேண்டும், எழுதி அனுப்புகிறோம் என்றார்கள். எழுதினார்களோ என்னவோ, கல் வரவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தன் அம்மா ஊர் ஞாபகம் வந்தது. அது பாலாற்றங்கரை. அங்கே கரைக்கு வெட்டிவேர்தான் வைப்பார்களாம். மேலே புல், கீழே ஆள் உயரத்துக்கு வேர். என் ஒற்றை மாட்டு வண்டியில்தான் போய் நாற்று கொண்டுவந்தோம்.

அமாவாசைக்கு எங்கள் பக்கம் ஏர் பூட்ட மாட்டார்கள். ஆள் சும்மா இருக்கும். அந்த ஒரு நாளை அவள் பிடித்துக்கொண்டாள். கரையை ஒட்டி நிலம் உள்ளவர்கள், வீட்டுக்கு ஒருவர், அமாவாசைக்கு அமாவாசை மண்வெட்டியோடு வரவேண்டும். செங்குத்தாக நின்ற கரையைச் சரிவாக வெட்டி, வரிசை வரிசையாக நாற்று வைத்தார்கள்.

"தறியில பாவு இழை மாதிரி நெருக்கி வெய்யிங்க. நடுவுல தண்ணி பூந்து போவக் கூடாது" என்பாள்.

நான் என்ன செய்தேன் என்றால், வண்டியில் உட்கார்ந்து பேசினேன். "இன்னா யக்கா, ஆத்துக்கு ஜடை பின்றியா? பூ வாங்கியாறட்டா?"

"நீ வாயால தோண்டுனா இந்நேரம் கெணறே வந்திருக்கும். எறங்கு."

இறங்கிப் பத்து நாற்று வைத்தேன். அதற்குள் இடுப்பு வலித்தது. இதுதான் கரைக்கு நான் செய்த முழுத் தொண்டு.

"மூணு மழ தாண்டணும்பா. அப்புறம் ஆறு எவ்ளோ முட்டுனாலும் அசையாது" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். முதல் மழையில் ஒரு சாண் போயிற்று. இரண்டாவது மழையில் ஒன்றும் போகவில்லை. இன்னும் ஒரு மழைதான் பாக்கி.

அந்த மூன்றாம் வருஷம் வைகாசியில் சின்ன காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த பூக்கடைக்காரர் ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கருட சேவைக்கு அவர்கள் தெருவில் தண்ணீர்ப் பந்தல். அதற்கு வெட்டிவேர்த் தட்டியும் மாலையும் அவர் பொறுப்பு. வழக்கமாக வருகிற வேர் வரவில்லை. கடையில் நாலு பேர் இருந்தார்கள். நான் வாழைநார் இறக்கப் போனவன், இறக்கிவிட்டு வந்திருக்கலாம்.

"எத்தினி கட்டு வேணும்ணா? ரெண்டு நாள்ல எறக்குறேன்" என்றேன்.

"இன்னா, உன் வாயில மொளைக்குதா?" என்றார் அவர். நாலு பேரும் சிரித்தார்கள்.

பிறர் சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது நான் மூட்டின சிரிப்பாக இருக்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "எறக்கலன்னா இந்தத் தெருவுல வண்டிய ஓட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மாட்டை விரட்டினேன். மாடு திரும்பி ஒரு பார்வை பார்த்தது. எங்கள் இருவரில் அறிவு அதற்குத்தான்.

திருப்புட்குழி வரை தேடினேன். வேர் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வண்டியை வளைவில் நிறுத்தினேன். அக்கா கடலை பிடுங்கக் கூலிக்குப் போயிருந்தாள். உச்சி வெயிலில் ஒரு காக்காய்கூட இல்லை. பக்கவாட்டில் தோண்டி ஒவ்வொரு குத்தாக எடுத்தேன். இரண்டு வருஷத்து வேர், இடுப்பு உயரத்துக்கு வந்தது. வேரை வெட்டிக் கட்டாகக் கட்டி வண்டியில் போட்டுவிட்டு, மேல் புல்லை மறுபடி அதே குழியில் வைத்து மிதித்தேன். மேலே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பச்சை பச்சையாக நின்றது. நட்டபோதும் வேரை நறுக்கித்தானே நட்டோம், திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். என் பேச்சை நம்புகிற ஒரே ஆள் நான்தான்.

கை மூன்று நாள் மணத்தது. சோறு பிசைந்தாலும் மணம். பெண்டாட்டி, "இன்னாத்துக்கு இப்பிடி கமகமன்ற, யாரப் பாக்கப் போன?" என்று சண்டைக்கு வந்தாள். அவளிடம் அடி வாங்கியிருந்தால்கூடக் கொஞ்சம் கணக்குத் தீர்ந்திருக்கும்.

கருட சேவை அன்று பந்தலில் தட்டி கட்டி, தண்ணீர் தெளித்து, தெரு முழுக்க வாசனை. பூக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் கை காட்டினார். "வாய்தான் பெருசுன்னு நெனச்சேன். ஆளும் பெருசுதான்." நான் மேல்துண்டைச் சரி செய்துகொண்டு நின்றேன். கூட்டத்தில் அக்கா வந்தாள். ஒரு குவளை தண்ணீர் குடித்தாள். தட்டியில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள்.

"இன்னா வாசனை பா. நம்ம கரையில வெச்சிருக்கிறதும் இப்பிடித்தான் மணக்கும், உள்ளுக்குள்ள."

எனக்கு எந்தக் கிண்டலும் வரவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கோடை முழுவதும் அவள் தண்ணீர் சுமந்தாள். "இந்த வருசம் வெயிலு ஜாஸ்தி, வாடுது" என்று குடம் குடமாகக் கிணற்றிலிருந்து கொண்டுவந்து, வேர் இல்லாத புல்லுக்கு ஊற்றினாள். பார்க்க முடியாமல் நானும் நாலு குடம் தூக்கினேன்.

"இன்னாபா, திடீர்னு இவ்ளோ நல்லவனா ஆயிட்ட?"

"தெரியாம ஆயிட்டேன் யக்கா."

அவள் சிரித்தாள். புல்லும் பச்சை பிடித்தது. உள்ளே விரல் நீளத்துக்கு வேர் விட்டிருக்கும். அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலை வேகவதி தன் பெயரைக் காப்பாற்றியது. கரையில் ஊரே நின்றோம். தண்ணீர் வளைவில் மோதிய இடத்தில் ஒவ்வொரு குத்தாகப் பெயர்ந்து, பச்சைத் தலை மேலே தெரிய, சுற்றிச் சுற்றி மிதந்து போயிற்று. பின்னாலேயே மண் போயிற்று. ஒதுங்கிய ஒரு குத்தை அக்கா கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு வருசத்துல இவ்ளோதான் வேரு உட்டுதா? எங்க அம்மா ஊர்ல ஆளு உசரம் போவுமே."

பதில் தெரிந்தவன் அவள் பக்கத்திலேயே கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான்.

"என் கை ராசி அப்பிடிபா. வேற யாரன்னா வெச்சிருக்கணும்" என்றாள்.

அரைக் காணியில் தண்ணீர் வடிந்தபோது மணல்தான் இருந்தது. நடுவில் போய் நிற்க அதற்கு நடு இல்லை. அக்கா மறுபடியும் ஊரார் வரப்புக்குப் போனாள்.

ஒன்று சொல்ல வேண்டும். வளைவின் மேல்முனையில் பத்துப் பன்னிரண்டு குத்து அசையாமல் நின்றது. அந்த இடத்தில் கரை ஒரு சாண்கூடப் போகவில்லை. காரணம், அன்றைக்கு வெயிலில் எனக்கு அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பலாக இருந்தது. என் சோம்பேறித்தனம் காப்பாற்றிய கரை அது. ஆகவே முதல் வரி முழுப் பொய் இல்லை.

அது நடந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. இப்போது அந்தப் பத்துக் குத்தைப் பிரித்து நாற்றாக்கி, அக்கா மறுபடியும் ஆள் சேர்க்கிறாள். அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் வருகிறது. அவளுக்கு அங்கே ஒரு பிடி மண் இல்லை. "உனக்கு இன்னா யக்கா இதுல?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எனுது போச்சு. பக்கத்துல இருக்கறவனுதும் போவணுமா?" என்றாள். ஆனால் ஒரு நாற்றைக்கூடத் தொட மாட்டாள். தண்ணீர் தூக்குவாள், மண் சுமப்பாள், வரிசை காட்டுவாள். நாற்று வைப்பது மட்டும் வேறு கை. மேல்முனையில் நின்ற குத்தெல்லாம் யார் வைத்தது என்று யோசித்துப் பார்த்து, கடைசியில் ஞாபகம் வந்ததாம். நான் இடுப்பு வலியோடு வைத்த அந்தப் பத்து.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன். வாயால் சொல்லப் பார்க்காமல் இல்லை. போன அமாவாசைக்கு இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மாட்டை அவிழ்த்துக் கட்டினேன். அவள் குடத்தை இறக்கி வைக்கும் வரை காத்திருந்தேன். கிட்டப் போய், "யக்கா, உன் கையில ஒரு கோளாறும் இல்ல. அந்த வேரு இருக்குதே, அது" என்று ஆரம்பித்து...

"இன்னாபா, வண்டிமேல குந்திக்கினு இன்னா கிறுக்கிக்கினு கீற? ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க. நாத்து காயுது. மொத நாத்து உன் கையாலதான் வெக்கணும்னு எல்லாரும் நிக்கிறாங்க, வா."

தோ வரேன் யக்கா.