சாரத்து அக்காவின் பழைய கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள் என்பது வேறு விஷயம். தயாரித்த கம்பெனியே கைகழுவிவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் புதுச்சேரியில் நிறைய இருக்கின்றன. இருபது வருடமாக அந்த வீடுகளின் படியேறித்தான் என் பிழைப்பு நடக்கிறது.

எத்தனை விதமான ஆட்கள்! முதலியார்பேட்டையில் ஒருவர் ஒரே பெட்டியில் மூன்று ஆன்டிவைரஸ் போட்டு வைத்திருந்தார். மூன்றும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. "சேஃப்டிக்குத்தான் சார்" என்றார் பெருமையாக. இன்னொரு வீட்டில் ஆயுத பூஜைக்குச் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து, நேராக சிடி டிரைவின் வாயிலேயே அப்பியிருந்தார்கள். பக்தியில் குறை சொல்ல முடியாது. டிரைவ்தான் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர். பிரான்சிலிருந்து மகள் அனுப்பிய கீபோர்டு. அவர்கள் ஊர் கீபோர்டில் எழுத்துகளின் வரிசை வேறு, ஏ அடித்தால் க்யூ விழும். ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும். அவரோ சின்னச் சின்னதாகக் காகிதம் வெட்டி, எழுத்தெழுதி, ஒவ்வொரு பட்டன் மேலும் ஒட்டி மூன்று வருடம் ஓட்டியிருக்கிறார். நான் மாற்றிக்கொடுக்கிறேன் என்றதற்கு, "சவா, சவா, பரவால்ல, பழகிடுச்சி" என்று கையை ஆட்டிவிட்டார்.

என் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் யோக்கியமா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்பான் ஒருவன். இன்டர்நெட்டில் படித்துவிட்டு விண்டோஸின் அடிமடியான ரெஜிஸ்ட்ரியில் நாலு எண்ணை மாற்றி, "இனிமே பறக்கும் பாருங்க" என்பான் இன்னொருவன். பறக்காது. மறுநாள் ஸ்டார்ட்டே ஆகாது. அப்புறம் எனக்கு போன் வரும். எல்லாரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே போவேன்.

என் வழி வேறு. உட்கார்ந்ததும் கை தானாக ஓடும். ஸ்டார்ட் ஆகும்போது கூடவே எழுந்துகொள்ளும் வெட்டி புரோகிராம்களை நிறுத்துவேன். டெம்ப் ஃபைல்களைத் துடைப்பேன். அழித்த ஃபைல்கள் போய்க் கிடக்கும் குப்பைத் தொட்டியான ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வேன். கடைசியாக டீஃப்ராக், அதாவது டிஸ்கில் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒழுங்காக நகர்த்தி அடுக்கும் வேலை. வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று என்னென்னவோ சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தால் என்னை ஏன் கூப்பிடப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை காலை, புதுச்சேரி சாரம் பகுதியிலிருந்து போன். ஜாக்கெட் தைக்கும் ஒரு அக்கா. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், கணவர் இல்லை.

"தம்பி, பொட்டி தொறக்க அரை மணி நேரம் ஆவுது. பிரிண்டரும் பேசமாட்டேங்குது. திங்கக்கெழமைக்குள்ள ஒரே ஒரு தாளு எடுக்கணும், வந்துட்டுப் போங்க."

போனேன். தையல் மெஷினுக்கு அடியிலேயே சிபியூவை வைத்திருந்தார். மானிட்டருக்கு ஜாக்கெட் துணியில் சுருக்கு வைத்து உறை வேறு. சிபியூவைத் திறந்தால் உள்ளே ஃபேன் தெரியவில்லை. நூலும் பஞ்சும் கலர் கலராக அடைத்துக்கொண்டிருந்தன. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "இன்னாக்கா இது, தலகாணி தைக்கறதுக்கு சேத்து வெச்சிருக்கியா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, காபி போடட்டுமா என்று கேட்டார்.

நான் ஊதித் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாளின் கதையைச் சொன்னார். அவருடைய தாத்தா, பிரெஞ்சுக்காரர்கள் போன காலத்தில், பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் அது. அசல் ஒரு புயல் மழையில் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே ஊறிக் கூழாகிவிட்டது. அதற்கு முன் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து வாங்கியது மட்டும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. தாளின் அடியில் சீலுக்குப் பக்கத்தில் ஒரு நம்பர். அந்த நம்பரைக் கொண்டுவந்தால் பழைய பதிவில் தேடிப் பார்க்கிறோம் என்று பிரெஞ்சுத் தூதரகத்தில் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை மகனுக்கு அங்கே நேரம் கொடுத்திருக்கிறார்கள். வேலை தேடிக் கம்பெனி கம்பெனியாக அலைந்து சலித்த மகன், பேப்பர் சரியானால் பிரான்சுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறான்.

"கொழுந்தன் வூட்டுல இருந்து வந்து வந்து இந்த பொட்டிய நோண்டறாங்க தம்பி. எங்க தாத்தா பேர அவங்க தாத்தான்னு சொல்லிக்கூட எழுதிக் குடுப்பாங்க. அதனால அந்தத் தாள நான் எங்க வெச்சிருக்கேன்னா..."

"நான் பாத்துக்கறேங்க்கா. எங்க இருந்தாலும் தேடி எடுத்துடுவேன். நீ போய் காபி போடு."

அவர் உள்ளே போனார். நான் உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது. நிறுத்த வேண்டியதை நிறுத்தினேன். துடைக்க வேண்டியதைத் துடைத்தேன். குப்பைத் தொட்டிப் படத்தின் மேல் மவுஸை வைத்து, காலி செய் என்றேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. படித்துக்கூடப் பார்க்காமல் ஆமாம் என்று அழுத்தினேன். பிறகு டீஃப்ராக்கை ஓடவிட்டேன். காபி நன்றாக இருந்தது. இந்த மாதிரி வீடுகளில் காபி மட்டும் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டீஃப்ராக் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பிரிண்டருக்கும் டிரைவர் தேடிப் போட்டு, ஒரு வெள்ளைத்தாளில் சோதனைப் பக்கத்தை அடித்துக் காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இப்ப அந்தத் தாள எடுப்பமா?" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மவுஸை என் கையிலிருந்து வாங்கி, நேராகக் குப்பைத் தொட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

"இங்கதான் வெச்சிருந்தேன்" என்றார். "வேணும்போது ரெஸ்டோர் குடுத்து வெளிய எடுப்பேன். பாத்துட்டு திரும்ப உள்ள போட்டுடுவேன். குப்பய எவன் கெளறுவான் தம்பி? எத்தினி வருஷமா அங்கதான் கெடக்குது, ஒருத்தனும் தொட்டதில்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். குப்பைத் தொட்டியில் யாராவது சொத்துப் பத்திரத்தை வைப்பார்களா என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் யோசித்தால் அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கொழுந்தன் வீட்டார் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்திருக்கிறார்கள், அது மட்டும் தப்பித்திருக்கிறது. அவராகவே கண்டுபிடித்து, அவராகவே பழகி, வருடக்கணக்கில் காப்பாற்றிய இடம். என்னிடம் ஒரு நிமிடம்கூடத் தப்பிக்கவில்லை.

காலி செய்ததோடு விட்டிருந்தால் மீட்டிருக்கலாம். அழித்த ஃபைல் அந்த நிமிடமே போய்விடாது, அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை இருக்கும். நான் டீஃப்ராக் ஓட்டி எல்லாவற்றையும் தூக்கித் தூக்கி அந்தக் காலி இடங்களில் உட்கார வைத்திருந்தேன். டிஸ்கைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்று மாலையும் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுதும் தெரிந்த மீட்பு சாஃப்ட்வேரையெல்லாம் ஓட்டினேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. தாளின் மேல்பாதி. பிரெஞ்சில் தலைப்பு இருந்தது. தாத்தாவின் பெயர், பிறந்த ஊர் எல்லாம் பழைய பாணி எழுத்தில் அழகாக இருந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கையெழுத்து இல்லை, சீல் இல்லை, நம்பர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிஸ்கை மாட்டி, அந்த மேல்பாதியைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"நான்தான்க்கா காலி பண்ணிட்டேன்" என்றேன். "நீ சொல்ல வந்தே. நான் கேக்கல."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். தெருவே கூடும்படி கத்தியிருக்கலாம். அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. நான் குப்பத் தொட்டியில வெச்சிருந்தேன்னு பையன்கிட்ட சொல்லாதீங்க. அவன் அப்பவே சொன்னான், ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, பொட்டிய தொடாதேன்னு. படிச்சவங்க அதயெல்லாம் சுத்தம் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியல. தப்பு எம்மேலதான்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டிச் சத்தம் கேட்டது. மகன் உள்ளே வந்தான். மறுநாளுக்கு வாங்கிய புதுச்சட்டையும் ஃபைல் கவரும் கையில் இருந்தன. திரையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னா சார் ஆச்சி?"

அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"ஹார்ட் டிஸ்க் ரொம்ப பழசு தம்பி. தானா போயிடுச்சி" என்றேன்.

அவன் ஃபைல் கவரைத் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா தெருமுனைவரை கூட வந்து எனக்கு நன்றி சொன்னார்.